ஆபத்து குறைந்த உறவுக்குப் பிறகு ஹெர்பீஸ் ரத்தப் பரிசோதனை: எப்போது செய்வது, எந்த முடிவை நம்புவது

ஆணுறை அணிந்து ஒரே ஒருமுறை உறவு. அல்லது வாய்வழி உறவு மட்டும். அல்லது மசாஜ் நிலையத்தில் கை பட்டதோடு சரி. மறுநாளே பயம் பிடித்துக்கொள்கிறது. ஒரு வாரம்கூடப் பொறுக்காமல், லேப்கள் விற்கும் ‘முழு பால்வினை நோய்ப் பரிசோதனை’ என்ற தொகுப்புக்குப் பணம் கட்டி ரத்தம் கொடுத்துவிடுகிறார்கள். எச்.ஐ.வி. நெகட்டிவ், சிபிலிஸ் நெகட்டிவ். கடைசிப் பக்கத்தில் மட்டும் ‘எச்.எஸ்.வி. ஐ.ஜி.எம். பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. எச்.எஸ்.வி. என்பது ஹெர்பீஸ் வைரஸின் சுருக்கப் பெயர். அந்த ஒரு வரியை நம்பி நிச்சயமான கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறவர்களும், மனைவியை நெருங்காமல் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்களும் உண்டு.

அந்த வரிக்குப் பெரும்பாலும் எந்த அர்த்தமும் கிடையாது. ஹெர்பீஸ் ரத்தப் பரிசோதனை தவறான நேரத்தில், தவறான வகையில், தேவையே இல்லாதவருக்குச் செய்யப்பட்டால் உண்மையைவிட அதிகமாகப் பயத்தைத்தான் தரும். சரியான வகையில், சரியான நேரத்தில் செய்து, எண்ணைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால் மட்டுமே அது பயன்படும். அதை எப்படிச் செய்வது என்று கீழே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதற்கு இது மாற்று ஆகாது. ஆனால் மருத்துவரிடம் எதைக் கேட்பது, லேபில் எதை வேண்டாம் என்பது என்று தெரிந்துகொண்டு போகலாம்.

முதல் படி: நடந்தது என்ன என்று நிதானமாக எடை போடுங்கள்

ஹெர்பீஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸில் இரண்டு வகை. முதல் வகை, எச்.எஸ்.வி.-1, பெரும்பாலும் உதட்டோரக் கொப்புளமாக வருவது. இரண்டாம் வகை, எச்.எஸ்.வி.-2, பெரும்பாலும் பிறப்புறுப்பில் வருவது. முதல் வகை வாய்வழி உறவால் பிறப்புறுப்புக்கும் வரும். இரண்டாம் வகை வாயில் தங்குவது அரிது.

இரண்டுமே தோலோடு தோல் உரசுவதால் பரவுகின்றன. வைரஸ் வெளியாகும் இடம் மற்றவரின் மெல்லிய சவ்வுத் தோலிலோ கீறல் விழுந்த தோலிலோ நேராகப் பட வேண்டும். உள்ளங்கை, தொடை போன்ற இடங்களில் உள்ள தடித்த, காயமில்லாத தோல் நல்ல தடுப்பு. கழிப்பறை இருக்கை, துண்டு, நீச்சல் குளம் ஆகியவற்றால் இந்த நோய் வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

இதை வைத்து உங்கள் நிகழ்வை நீங்களே எடை போடலாம். உடையோடு உரசியது, கையால் தொட்டது, கட்டிப்பிடித்தது: பரிசோதனையைப் பற்றிப் பேசவே தேவையில்லாத அளவுக்கு ஆபத்து குறைவு. ஆணுறையோடு உறவு, எதிரில் இருப்பவரிடம் புண் எதுவும் தெரியவில்லை: ஆபத்து குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை, ஆணுறை மூடாத இடத்திலும் வைரஸ் வெளியாகலாம். வாய்வழி உறவைப் பெற்றுக்கொண்டது: இங்கே யோசிக்க வேண்டியது முதல் வகையை. ஆடையில்லாமல் பிறப்புறுப்புகள் உரசியது, உட்செலுத்தாமல்: குறைவுதான் என்றாலும் முன்னே சொன்னவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கணக்கில் எடுங்கள்.

எவ்வளவு குறைவு என்று ஓர் அளவு தெரிந்தால் மனம் கொஞ்சம் அமைதியாகும். 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஒருவருக்கு எச்.எஸ்.வி.-2 இருப்பது உறுதியாகி, மற்றவருக்கு இல்லாத 1,484 தம்பதிகளை எட்டு மாதம் கவனித்தார்கள். நோய் உள்ளவர் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த பிரிவில் துணைக்குத் தொற்று வந்தது 3.6 சதவீதம் பேருக்கு. தினமும் வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து எடுத்த பிரிவில் 1.9 சதவீதம். எல்லாருக்கும் ஆணுறை பற்றிய ஆலோசனை தரப்பட்டிருந்தது. தொடர்ந்து எட்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் கணக்கு இது. உங்களுடையது ஒரே ஒருமுறை. எதிரில் இருந்தவருக்கு நோய் இருந்ததா என்பதே தெரியாது. உங்கள் ஆபத்து இதைவிட எவ்வளவோ கீழே இருக்கிறது.

இரண்டாம் படி: உடலில் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் ரத்தம் கொடுக்க ஓடாதீர்கள்

ஹெர்பீஸ் தொற்றினால் அறிகுறி வருவது வழக்கமாக 2 முதல் 12 நாளுக்குள்; பலருக்கு நான்காம் நாள் வாக்கில். சிவந்த தோலின் மேல் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். ஓரிரு நாளில் உடைந்து ஆழமில்லாத, வலிக்கிற புண்ணாகும். பிறகு பொருக்குத் தட்டி ஆறும். முதல்முறை வருவது கடுமையாக இருக்கலாம்: காய்ச்சல், உடல்வலி, தொடை இடுக்கில் நெறி கட்டுதல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். முழுதாக ஆற இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும்.

அதே நேரம், பயத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தினம் பத்துமுறை பார்த்தால் யாருக்கும் ஏதாவது ஒன்று கண்ணில் படும். சவரம் செய்த இடத்தில் வரும் பரு, மயிர்க்கால் வீக்கம், ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக இருக்கும் முத்துப் போன்ற இயல்பான சிறு முளைகள், எண்ணெய்ச் சுரப்பியின் வெளிர்ப் புள்ளிகள், பூஞ்சைத் தொற்றால் வரும் சிவப்பு: இவை எதுவும் ஹெர்பீஸ் கிடையாது. தோலில் எதுவுமே இல்லாமல் மாதக்கணக்கில் இருந்துகொண்டிருக்கும் எரிச்சலும் குறுகுறுப்பும் புதிய ஹெர்பீஸ் தொற்றின் இயல்பு இல்லை. சோப்பு, டெட்டால் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவதாலேயே எரிச்சல் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்மையிலேயே கொப்புளமோ புண்ணோ இருந்தால், அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல சாட்சி. 48 மணி நேரத்துக்குள் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரிடம் போங்கள். அவர் கொப்புளத்தின் மேல்தோலை லேசாக விலக்கி, அடியில் உள்ள ஈரத்தைப் பஞ்சுக் குச்சியால் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்பலாம். வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்று இரண்டையும் அது சொல்லிவிடும். பொருக்குத் தட்டிய பிறகு போனால் வைரஸ் சிக்காமல் போகலாம். அப்போது வரும் நெகட்டிவை அப்படியே நம்ப முடியாது. டிசாங்க் ஸ்மியர் என்று கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. அது சீக்கிரம் கிடைக்கும், செலவும் குறைவு, ஆனால் பல தொற்றுகளைத் தவறவிடும், வகையையும் சொல்லாது.

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் பெரும்பாலும் அறிகுறியைப் பார்த்தே சிகிச்சை தொடங்கிவிடுவார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் முறைப்படி ஒவ்வொரு வகை அறிகுறிக்கும் ஒரு நிறத்தில் மருந்துப் பொட்டலம் உண்டு. ஹெர்பீஸ் புண்ணுக்கானது சிவப்பு, உள்ளே அசைக்ளோவிர் மாத்திரைகள். கண்ணால் பார்த்துச் சொல்வது தவறாகவும் போகலாம் என்பதால், முடிந்தவர்கள் மாத்திரை தொடங்கும் முன்பே பி.சி.ஆருக்கு மாதிரி எடுக்கக் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: அறிகுறியே இல்லை என்றால், பரிசோதனை தேவைதானா?

என் பதிலை நேராகவே சொல்கிறேன்: பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, அறிகுறி இல்லாதவர்களுக்கு ஹெர்பீஸ் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்று 2016இல் பரிந்துரைத்தது. 2023இல் அதையே உறுதிசெய்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யும் பொதுமக்களுக்கு இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கவில்லை. தவறான பாசிட்டிவ் முடிவுகள் அதிகம் வருவதும், அவை தரும் மனத்துன்பமும், முடிவு தெரிந்தாலும் அறிகுறி இல்லாதவருக்குச் செய்யக்கூடியது குறைவு என்பதும்தான் காரணங்கள்.

ஏன் தவறான பாசிட்டிவ் அதிகம் வருகிறது என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். நோய் உள்ள நூறு பேரில் 95 பேரைக் கண்டுபிடிக்கிற, நோய் இல்லாத நூறு பேரில் 95 பேரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்கிற ஒரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல பரிசோதனையாகத்தான் தெரிகிறது. உங்களைப் போல ஆபத்து குறைந்த 1,000 பேர் வருகிறார்கள். அவர்களில் உண்மையில் தொற்று உள்ளவர் 20 பேர் என்று கொள்வோம். அந்த 20 பேரில் 19 பேருக்குப் பாசிட்டிவ் வரும். மீதி 980 பேரில் ஐந்து சதவீதம், அதாவது 49 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தம் 68 பாசிட்டிவ். அதில் 49 பொய். பாசிட்டிவ் என்று சொல்லப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நோயே இல்லை.

அதே பரிசோதனையை, 1,000 பேரில் 300 பேருக்குத் தொற்று உள்ள கூட்டத்தில் செய்தால் 285 உண்மைப் பாசிட்டிவ், 35 பொய்ப் பாசிட்டிவ். இப்போது பத்தில் ஒன்பது முடிவுகள் சரி. பரிசோதனை மாறவில்லை, அதைச் செய்துகொண்டவர்கள்தான் மாறினார்கள். ஆபத்து குறைந்த ஒருவர் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளும்போது, பாசிட்டிவ் வந்தால் அது பொய்யாக இருக்கும் வாய்ப்பை அவரே கூட்டிக்கொள்கிறார்.

யாருக்கு உண்மையிலேயே தேவை? துணைக்கு ஹெர்பீஸ் இருப்பது தெரிந்து, தனக்கும் ஏற்கெனவே இருக்கிறதா என்று அறிய வேண்டியவருக்கு. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் புண் வந்து, பி.சி.ஆர். நெகட்டிவ் ஆகிக்கொண்டே இருப்பவருக்கு. கணவருக்கு ஹெர்பீஸ் இருக்கும் கர்ப்பிணிக்கு. இந்த மூவருக்கும் முடிவை வைத்து அடுத்து என்ன செய்வது என்று ஒன்று இருக்கிறது.

அந்த உறவு பற்றிய கவலையில் நீங்கள் கவனிக்க வேண்டிய வேறு சில பரிசோதனைகள் உண்டு. ஹெர்பீஸ் பயத்தில் அவற்றை விட்டுவிடுகிறார்கள். ஆணுறை கிழிந்திருந்தாலோ, ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருந்தாலோ எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்கு மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் உரிய காலத்தில் செய்யும் பரிசோதனை மிகவும் நம்பகமானது, சிகிச்சையும் வாழ்க்கையை மாற்றக்கூடியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரம் ரகசியமாக வைக்கப்படும். 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

நான்காம் படி: செய்தே ஆக வேண்டுமென்றால், எந்தப் பரிசோதனை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘ஹெர்பீஸ் டெஸ்ட்’ என்று மட்டும் சொன்னால் லேப் தன்னிடம் இருப்பதைச் செய்துவிடும்.

வேண்டாதது ஐ.ஜி.எம். இதுவும் ஐ.ஜி.ஜி.யும், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தின் இரண்டு வகைகள். புதிய தொற்றை ஐ.ஜி.எம். காட்டும், பழையதை ஐ.ஜி.ஜி. காட்டும் என்று பாடப்புத்தகத்தில் படித்தது பல நோய்களுக்குப் பொருந்தும், ஹெர்பீஸுக்குப் பொருந்தாது. பல வருடப் பழைய தொற்று திரும்பக் கிளம்பும்போதும் ஐ.ஜி.எம். வரும். அது வகை பிரித்துச் சொல்லாது. சிறு வயதில் வந்த உதட்டுக் கொப்புளத்துக்கும் பிறப்புறுப்புத் தொற்றுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சி.டி.சி. இதைப் பரிந்துரைப்பதில்லை. இருந்தும் நம் ஊர் தொகுப்புகளில் இது தொடர்ந்து விற்கப்படுகிறது. பயத்தோடு வருகிறவரிடம் பணம் வாங்கிக்கொண்டு, பயனில்லாத ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவதை நான் பெரிய அநியாயமாகவே நினைக்கிறேன். ஏற்கெனவே செய்து பாசிட்டிவ் வந்திருந்தால், அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

இன்னொன்று, கர்ப்பிணிகளுக்குச் சில தொற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும் டார்ச் தொகுப்பில் வரும் ஹெர்பீஸ் சோதனை, அல்லது ‘எச்.எஸ்.வி. 1+2’ என்று இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் சோதனை. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேருக்கு, அதாவது 380 கோடிப் பேருக்கு, முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்கான கணக்கில் மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சிறு வயதிலேயே, பெற்றோரோ பாட்டியோ கொடுத்த முத்தத்தில் வந்தது. இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் நம்மில் பாதிக்கு மேல் பாசிட்டிவ் ஆகத்தான் செய்வோம். அதிலிருந்து உங்கள் உறவைப் பற்றி எதுவும் தெரியாது.

நீங்கள் கேட்க வேண்டியது: ‘எச்.எஸ்.வி.-2 ஐ.ஜி.ஜி., வகை பிரித்துக் காட்டும், கிளைக்கோபுரதம் ஜி அடிப்படையிலான சோதனை.’ இரண்டு வைரஸ்களும் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருப்பவை. ஜி என்று பெயரிட்ட மேற்பரப்புப் புரதத்தில்தான் தெளிவாக வேறுபடுகின்றன. அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் சோதனை மட்டுமே வகையைப் பிரித்துச் சொல்லும். லேபுக்குப் போன் செய்து, உங்கள் சோதனைக் கிட் இந்த வகையா, ரிப்போர்ட்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதோடு எண்ணும் வருமா என்று கேளுங்கள். எண் தர மாட்டோம் என்றால் வேறு லேபைப் பாருங்கள்.

வாய்வழி உறவுக்குப் பிறகு முதல் வகையைத் தேடி ரத்தப் பரிசோதனை செய்வதில் பயனே இல்லை. முதல் வகை ஐ.ஜி.ஜி. சோதனை உண்மையான தொற்றுகளில் சுமார் 30 சதவீதத்தைத் தவறவிடுவதாக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வெஸ்டர்ன் பிளாட் என்ற நுணுக்கமான சோதனையோடு ஒப்பிட்ட ஆய்வில் தெரிந்தது. பாசிட்டிவ் வந்தாலோ, அது வாயில் இருக்கிறதா, பிறப்புறுப்பில் இருக்கிறதா, ஐந்து வயதில் வந்ததா, ஐந்து வாரம் முன்பு வந்ததா என்று எதையும் சொல்லாது.

ஐந்தாம் படி: 12 வாரம் பொறுங்கள்

தொற்று வந்ததும் உடல் ஆன்டிபாடியை உடனே தயாரித்துவிடுவதில்லை. பலருக்கு மூன்று வாரத்தையொட்டி அளக்கக்கூடிய அளவு வரும். சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். அதனால் சி.டி.சி. சொல்லும் காலம் 12 வாரம். மூன்றாம் நாள் வந்த நெகட்டிவ், பத்தாம் நாள் வந்த நெகட்டிவ் இரண்டும் அந்த உறவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது வார நெகட்டிவ் ஆறுதல் தரும், முடிவாகாது. 12 வாரத்துக்குப் பிறகு நெகட்டிவ் என்றால், ஆபத்து குறைந்த ஒருவர் அதோடு அந்தக் கவலையை விட்டுவிடலாம். திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால், என்றாவது ஒருநாள் பொய்ப் பாசிட்டிவ் வந்து சேரும்.

பத்தாம் நாளிலேயே ஐ.ஜி.ஜி. தெளிவான பாசிட்டிவ் என்றால்? அது அந்த உறவில் வந்திருக்க வழியில்லை. ஒன்று, முன்பே இருந்த தொற்று. இல்லையேல் பொய்ப் பாசிட்டிவ். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பெண்ணையோ ஆணையோ குற்றம் சொல்பவர்கள் பலர். எச்.எஸ்.வி.-2 உள்ளவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு இருப்பதையே அறியாதவர்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் அப்படித்தான் இருந்தார்கள்.

இடையில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மருந்துக்கடையில் அசைக்ளோவிர் வாங்கி விழுங்காதீர்கள். அது ஆன்டிபாடி உண்டாவதைத் தாமதப்படுத்தக்கூடும்; பிறகு வரும் நெகட்டிவையும் நம்ப முடியாமல் போகும். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: ரிப்போர்ட்டை வரிவரியாக வாசியுங்கள்

தாளைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஐ.ஜி.ஜி.யா ஐ.ஜி.எம்.மா என்பதை. அடுத்து வகை 1ஆ, 2ஆ. அதற்கடுத்து எந்த முறையில் செய்தது: எலைசா அல்லது சி.எல்.ஐ.ஏ. என்று சிறிய எழுத்தில் இருக்கும் (இரண்டும் ஆன்டிபாடியை அளக்கும் லேப் முறைகள்). இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் எண்.

பெரும்பாலான கிட்களில் அந்த எண் ஒரு விகிதம். 0.9க்குக் கீழே நெகட்டிவ். 0.9 முதல் 1.1 வரை இரண்டுக்கும் நடுவே, முடிவு சொல்ல முடியாதது. 1.1க்கு மேலே பாசிட்டிவ். சில கிட்கள் வேறு அலகு பயன்படுத்தும். அப்போது பக்கத்தில் உள்ள ஒப்பீட்டு வரம்பைத்தான் பார்க்க வேண்டும், வேறு லேபின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

‘எச்.எஸ்.வி.-2 ஐ.ஜி.ஜி.: 1.64, பாசிட்டிவ்’ என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டைப் பொறுத்தவரை 1.64உம் 8.2உம் ஒரே சொல்தான். உண்மையில் இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம். அதிகம் பயன்பாட்டில் உள்ள ஹெர்பிசெலக்ட் என்ற எலைசா கிட்டில் 1.1க்கும் 3க்கும் இடைப்பட்ட எண்கள் அடிக்கடி பொய்யாகின்றன என்று சி.டி.சி.யின் 2021 வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. அது காட்டும் ஓர் ஆய்வில், நோய் இல்லாதவரை இல்லாதவர் என்று சரியாகச் சொல்லும் திறன் மொத்தத்தில் 57.4 சதவீதம், 1.1 முதல் 2.9 வரையான எண்களில் அது வெறும் 39.8 சதவீதம். நான் மேலே கணக்குக்காக வைத்த 95ஐவிட எவ்வளவு கீழே என்று பாருங்கள்.

எனவே 1.64 வந்தவர் ‘எனக்கு ஹெர்பீஸ்’ என்று சொல்லக் கூடாது. ‘எனக்கு முடிவு உறுதியாகவில்லை’ என்று சொல்ல வேண்டும். 3க்கு மேல் போகப் போக நம்பகம் கூடுகிறது. ஆனாலும் அறிகுறியே வந்திராத, ஆபத்து குறைந்த ஒருவருக்கு 4 வந்தால்கூட உறுதிப்படுத்தச் சொல்வேன்.

எண் பெரிதாக இருந்தால் நோய் கடுமை என்று பொருள் இல்லை. நேற்று வந்ததா, பத்து வருடம் முன்பா என்றும் அது சொல்லாது. மூன்று மாதம் கழித்து எண் 1.6இலிருந்து 1.4 ஆனால் நோய் குணமாகிறது என்றும் அர்த்தம் இல்லை; பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே பொய்யாக இருந்திருக்கிறது.

ஏழாம் படி: உறுதிப்படுத்துங்கள்

குறைந்த எண் வந்தால், அதே கிட்டில் அதே வாரம் திரும்பச் செய்வதில் பயனில்லை; முதலில் ஏமாற்றிய அதே காரணம் இரண்டாம்முறையும் ஏமாற்றும். வேறு முறையில் செய்யும் இரண்டாவது சோதனை வேண்டும். உலக அளவில் இறுதி நடுவராகக் கருதப்படுவது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வெஸ்டர்ன் பிளாட். வைரஸின் பல புரதங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்து, உங்கள் ரத்தம் எவற்றோடு வினைபுரிகிறது என்று பார்க்கும் முறை அது.

நம் ஊரிலிருந்து அதை எட்டுவது எல்லாருக்கும் எளிது இல்லை. அப்படியானால் முதல் படியாக, 12 வாரம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் காத்திருந்து செய்யுங்கள். பிறகு, வேறு நிறுவனத்தின் கிட்டைப் பயன்படுத்தும், வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி. சோதனையோ, வெஸ்டர்ன் பிளாட் போலவே கோடுகளைப் பார்த்து வகை பிரிக்கும் இம்யூனோபிளாட் சோதனையோ உங்கள் நகரின் பெரிய லேபில் கிடைக்கிறதா என்று மருத்துவர் மூலம் கேளுங்கள். இரண்டு வெவ்வேறு முறைகளும் தெளிவான பாசிட்டிவ் தந்தால் நம்பலாம். ஒன்று குறைந்த பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ், உடலில் ஒருமுறைகூடப் புண் வந்ததில்லை என்றால், அனுபவமுள்ள மருத்துவர் பெரும்பாலும் ‘பொய்ப் பாசிட்டிவ், விட்டுவிடுங்கள்’ என்றே சொல்வார். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையோடு சேர்ந்த பால்வினை நோய் நிறுவனம் போன்ற இடங்களில் இதைப் பேசத் தயங்க வேண்டியதில்லை. இதே கேள்வியோடு அங்கே தினமும் ஆட்கள் வருகிறார்கள்.

காத்திருக்கும் நாட்களில்

ஆபத்து குறைந்த உறவு, அறிகுறி எதுவும் இல்லை என்றால், ஹெர்பீஸ் பயத்துக்காக மட்டும் மனைவியையோ கணவரையோ மூன்று மாதம் விலக்கி வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் இரண்டு வாரம் கவனமாக இருங்கள். புண் வருகிறதா என்று பாருங்கள். மற்ற பால்வினை நோய்களுக்கான பரிசோதனை முடியும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். குழந்தையைத் தூக்குவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே பாத்ரூமைப் பயன்படுத்துவது எதையும் நிறுத்த வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மனைவி கர்ப்பமாக இருந்தால், குறிப்பாகக் கடைசி மூன்று மாதத்தில், கவனம் பல மடங்கு வேண்டும். அந்தக் கட்டத்தில் தாய்க்கு முதன்முறையாக ஹெர்பீஸ் தொற்றினால், பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்து. சந்தேகம் எவ்வளவு சிறியதானாலும் ஆணுறை இல்லாத உறவையும் வாய்வழி உறவையும் தவிர்த்துவிட்டு, மகப்பேறு மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

உறுதியான பாசிட்டிவ் வந்தால்

15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் உலகெங்கும் சுமார் 52 கோடிப் பேருக்கு எச்.எஸ்.வி.-2 இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உடலை விட்டு முழுதாகப் போகாது. ஆனால் பலருக்கு ஒருமுறைகூட வெளியே தெரியாமலே இருக்கும். வருகிறவர்களுக்கும் முதல் ஆண்டில் நான்கைந்து முறை வந்து, போகப் போகக் குறையும். பிறப்புறுப்பில் முதல் வகை வந்தவர்களுக்குத் திரும்ப வருவது இன்னும் அபூர்வம். கல்யாணம், குழந்தை எதற்கும் இது தடை இல்லை.

அறிகுறி வராதவரிடமிருந்தும் வைரஸ் வெளியாகும். தினமும் மாதிரி எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அறிகுறி வந்தவர்களிடம் சுமார் 20 சதவீத நாட்களிலும், ஒருபோதும் வராதவர்களிடம் சுமார் 10 சதவீத நாட்களிலும் வைரஸ் இருந்தது. எனவே துணையிடம் சொல்வது அவசியம். சொல்லும் முன் இரண்டாவது சோதனையின் தாளும் கையில் இருக்கட்டும், 1.64 என்ற ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம். துணையும் வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி. செய்து பார்க்கலாம்; அவருக்கும் ஏற்கெனவே இரண்டாம் வகை இருப்பது தெரிந்தால் ஒருவருக்கொருவர் பரப்பும் கவலை இல்லை. இல்லையென்றால் தினசரி வாலசைக்ளோவிர், ஆணுறை, புண் உள்ள நாட்களில் உறவைத் தவிர்ப்பது என்ற மூன்றையும் சேர்த்துச் செய்யலாம். மருந்தின் அளவையும் எத்தனை மாதம் என்பதையும் மருத்துவர் முடிவு செய்வார். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.